ஏற்றம் நெஞ்சுக்கு, இறக்கம் முட்டிக்கு

குன்னூர் பஸ் நிலையத்தில் மாலை நான்கரை மணிக்கு நின்று பாருங்கள். மார்க்கெட்டில் வேலை முடிந்தவர்கள், காய்கறிப் பையோடு நிற்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே மேலே போகும் பஸ்ஸுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அதே ஆட்களைக் காலை எட்டரைக்குப் பார்த்தால் படிக்கட்டிலும் குறுக்குப்பாதையிலும் மளமளவென்று இறங்கி வந்துகொண்டிருப்பார்கள். மலையூர் வழக்கம் இது. ஏறுவதற்குத்தான் பஸ், இறங்குவதற்கு யாராவது டிக்கெட் எடுப்பார்களா? முப்பது வருடம் நானும் அப்படித்தான் போய்வந்தேன். இப்போது மாற்றிவிட்டேன். காலையில் பஸ்ஸில் இறங்குகிறேன். மாலையில் நடந்து ஏறுகிறேன். என் முழங்காலைக் காப்பாற்றியதும், உடம்பிலிருந்து எட்டரைக் கிலோவை இறக்கியதும் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றம்தான்.

எனக்கு 52 வயது. உயரம் 155 சென்டிமீட்டர். இரண்டு வருடத்துக்கு முன் எடை 81 கிலோ. வலது முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. “எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். எடை குறைய வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நடந்தால் முட்டி வலிக்கிறது. வலித்தால் உட்கார்ந்துவிடுகிறோம். உட்கார்ந்தால் எடை ஏறுகிறது. இந்தச் செக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். பயிற்சியாளர் என் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கையில் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்தார். கொழுப்பு சீக்கிரம் கரையும் என்றார். மூன்றாம் நாள் காலை எழுந்தபோது முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. முட்டியின் முன்னால் இருக்கும் சிப்பி எலும்பின் விளிம்பைத் தடவிக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. குந்தி உட்காருவது போகட்டும், நாற்காலியிலிருந்து எழுவதற்கே மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வீக்கம் வடிந்ததும் செல்பேசியில் அடி எண்ணும் செயலியை வைத்துக்கொண்டு தினம் 10,000 அடி என்று கிளம்பினேன். அந்தக் கணக்கு எந்த மருத்துவரும் நிர்ணயித்ததல்ல; 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எண்ணிக்கையை நிரப்புவதற்காகக் காலையில் சுற்றுவழியாகப் படிக்கட்டுகளில் இறங்கி வேலைக்குப் போவேன். மாலையில் களைப்பு, பஸ். பத்து நாளில் வலி திரும்ப வந்தது. சமதரையில் ஒன்றும் இல்லை. ஏறும்போதும் பொறுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது மட்டும் சிப்பிக்குப் பின்னால் யாரோ அரம் வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது.

அம்மா இதை முன்பே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அம்மாவுடையதும் ஒன்று. அங்கேயும் தேயிலைக் கொழுந்து பறிப்பதுதான் வேலை, இங்கேயும் கொழுந்து. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டை இன்றைக்கும் ‘லயம்’ என்றுதான் சொல்வார். அம்மா வேலை செய்த மலையில் கொழுந்து நிறுக்கும் இடம் கீழே சாலையோரம் இருந்தது. அதாவது காலையில் வெறும் பையோடு ஏறுவார்கள். 20, 25 கிலோ பச்சைக் கொழுந்தோடு இறங்குவார்கள். நாளுக்கு இரண்டு, மூன்று தடவை, ஈர மண்ணில், ரப்பர் செருப்போடு. முப்பது வருடம். நான் காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்த அன்று அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, “ஏற்றம் நெஞ்சுக்கு, இறக்கம் முட்டிக்கு. எத்தனை தடவை சொல்வது, பிள்ளை?” என்றார்.

அம்மாவின் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எனக்கு விளக்கியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். என்னைவிட இருபது வயது இளைய பெண். ஒரு சாண் உயரப் பலகையைச் சுவரோரம் போட்டு, எதிரில் ஆளுயரக் கண்ணாடியை வைத்தார். “அக்கா, வலது காலால் பலகை மேல் நில்லுங்கள். இடது குதிகாலை மெதுவாகத் தரையைத் தொட விடுங்கள். தொட்டதும் எடுத்துவிடுங்கள்.” சின்ன வேலை என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் என் வலது முழங்கால் நேராக மடங்காமல் உள்பக்கமாகச் சரிந்து, கட்டைவிரலையும் தாண்டி அடுத்த காலை நோக்கிப் போனது. தொடை நடுங்கியது. கடைசி இரண்டு அங்குலத்தில் குதிகால் மெதுவாக இறங்கவில்லை, தொப்பென்று விழுந்தது. “ஒவ்வொரு படியிலும் இப்படித்தான் விழுகிறீர்கள்” என்றார். காலையில் நான் இறங்கும் படிக்கட்டுகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். 190க்கு மேல்.

மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் போய்வந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஏறும் லாரிக்கு இன்ஜின் உழைக்கிறது. இறங்கும் லாரிக்கு பிரேக் தேய்கிறது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. நெஞ்சும் நுரையீரலும் அதற்கு எரிபொருள் கொடுக்கின்றன. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே போகும் நிலையில் முழு எடையையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். தசை வலுவில்லாவிட்டால் அந்த வேலை மூட்டின் மேல் விழுகிறது. சிப்பி எலும்பு தொடை எலும்போடு அழுந்துகிறது. செயற்கை மூட்டு வைத்தவர்களின் மூட்டுக்குள்ளேயே உணர்கருவியைப் பொருத்தி ஜெர்மனியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதரை நடையில் முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. 81 கிலோ உடம்புக்கு அது ஒரு படிக்கு 280 கிலோவுக்கு மேல். சைக்கிள் மிதிக்கும்போதோ உடல் எடையின் ஒரு மடங்கைச் சற்றுத்தான் தாண்டுகிறது. பாதி எடையை இருக்கை வாங்கிக்கொள்கிறது அல்லவா.

படி ஏறுவதும் இலேசான சுமை அல்ல என்பதை இந்த எண்களிலேயே பார்க்கலாம். ஆகவே ஏறுவது நல்லது என்று கேட்டதும் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். படியில் முழங்கால் ஆழமாக மடங்குகிறது. சாலைச் சரிவில் அவ்வளவு மடங்காது. எங்கள் ஊரில் எந்த இடத்துக்கும் இரண்டு வழி உண்டு, சுற்றிப் போகும் தார்ச்சாலையும் அதை அறுத்துக்கொண்டு போகும் படிக்கட்டும். முட்டி வலிக்காரர்களுக்குத் தார்ச்சாலைதான். குட்டைக் குட்டை எட்டுகளாக, குதிகால் முழுதும் பதிய ஏற வேண்டும்.

ஏற்றத்தில் இன்னொரு இலாபம் இருக்கிறது, அதுதான் எடை குறைக்க நினைப்பவர்களுக்கு முக்கியம். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறுகிறதே, அந்தச் சரிவு அதிகபட்சம் 12 அடிக்கு 1 அடி. அப்படியொரு சரிவில் ஒருவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், அதே வேகத்தில் சமதரையில் நடப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. என் எடைக்கு அரைமணி நேரத்தில் 120 கலோரி செலவாகும் இடத்தில் 230 கலோரி. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். வேகத்தைக் கூட்டினால்தான் உழைப்பு கூடும் என்பது சமவெளிக்காரர்களின் கணக்கு. நமக்குச் சரிவே அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. பணம் கட்டி டிரெட்மில்லைச் சாய்த்துவைத்து நடக்கிறார்கள் நகரங்களில்; நமக்கு வாசலிலேயே கிடக்கிறது.

என் பாதை அந்த ரயில் பாதை அளவுக்குச் செங்குத்தில்லை. பஸ் நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டு, அங்கிருந்து சிம்ஸ் பூங்கா பக்கம், பிறகு எங்கள் சந்து. முதல் வாரம் நாலு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நின்றேன். நிற்கும்போது வெட்கப்படத் தேவையில்லை. இங்கே வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் நின்று நின்றுதான் ஏறுகிறார்கள். அளவுகோல் ஒன்றே ஒன்று: பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்து, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் ஏற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. என் ஏற்றம் நாளுக்கு 35 நிமிடம், வாரம் ஐந்து நாள். அதிலேயே 175 வந்துவிடுகிறது.

வலியைப் பற்றி அந்தப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை நான் இன்னும் கடைப்பிடிக்கிறேன். பத்துக்கு மூன்று வரை வலித்தால் பயப்படாமல் தொடரலாம். ஆனால் மறுநாள் காலை முட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்திய நாளைவிட வீக்கமோ விறைப்போ கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம். இன்று பாதியாகக் குறைக்க வேண்டும். அப்படியே இருந்தால் அதே அளவு. நான் தினமும் பல் துலக்குவதற்கு முன் கட்டிலிலேயே இரண்டு முட்டியையும் தடவி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இதைப் போன்ற ஒழுங்கு வேறெதிலும் எனக்கு வந்ததில்லை.

எப்போதும் பஸ் கிடைக்காது, இறங்கியே ஆக வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு நீளக்குடை. வலிக்கும் கால் வலது என்றால் குடை இடது கையில். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சாலை காலியாக இருந்தால் நேர்கீழாக இறங்காமல் பாம்புபோல் வளைந்து இறங்குகிறேன். கையில் சுமை கிடையாது. உருளைக்கிழங்கு, கேரட், மேரக்காய் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஆட்டோவில் வந்துவிடும்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் குன்னூரில் நடை என்பது நடக்காத காரியம். மண் சரிந்து ரயிலே நின்றுபோகும். மழை இல்லாத நாளிலும் இருட்டிவிட்டால் காட்டெருமை சாலைக்கு வந்துவிடும்; தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கரடியும் உண்டு. ஆகவே விடியற்காலையில் எழுந்து இருட்டில் நடங்கள் என்ற அறிவுரை எங்கள் மலைக்குப் பொருந்தாது. குளிரில் மூட்டு விறைத்துப் போயிருக்கும் நேரமும் அதுவே. நான் நாலரைக்குக் கிளம்பி வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்கிறேன். சேர முடியாத நாட்களுக்காகத்தான் சைக்கிள்.

கோயம்புத்தூருக்கு மாறிப்போன ஒரு குடும்பத்திடமிருந்து பாதி விலைக்கு வாங்கிய, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் அது. வாங்கிய முதல் வாரம் அதுவும் வலித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இதுவும் நமக்கு ஆகாதா என்று. குற்றம் இருக்கையின் உயரத்தில் இருந்தது. இருக்கை தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அதிகமாக மடங்கிச் சிப்பி அழுந்தும். சரிசெய்வது எளிது. மிதியைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அந்த உயரத்தில் இருக்கையைத் திருகி இறுக்கிவிட்டு, பிறகு முன்பாதத்தால் மிதியுங்கள். முழங்கால் இலேசாக மடங்கியே இருக்கும். என் சைக்கிளில் மூன்று துளை ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாளே வலி இல்லை. மிதியின் இறுக்கத்தைக் குறைத்து வைத்து நிமிடத்துக்கு 60, 70 சுற்று. இறுக்கி வைத்து முக்கி முக்கி மிதிப்பது முட்டிக்கு ஆகாது.

நீச்சலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வசதி இருந்தால் தயங்க வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் பாதிதான் காலில் விழும். நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. நீந்தத் தெரியாவிட்டால் தண்ணீருக்குள் நடந்தாலே போதும். தவளை நீச்சலில் மட்டும் கால் உதைக்கும்போது முழங்கால் திருகும், அதைத் தவிர்க்கலாம். எனக்கு எட்டும் தூரத்தில் குளம் இல்லை. எலிப்டிகல் என்று ஒரு கருவி இருக்கிறது. பாதம் பலகையை விட்டு எழும்புவதே இல்லை என்பதால் அதிர்ச்சி குறைவு. கிடைப்பவர்கள் பயன்படுத்தலாம்.

உழைப்பு மட்டும் எடையைப் பெரிதாகக் குறைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில், எடை மிகுந்து முழங்கால் தேய்மானமும் உள்ள 454 பேரை 18 மாதம் கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக இழந்தது 2 கிலோவுக்கும் குறைவு. உணவைக் கட்டுப்படுத்தியவர்கள் 9 கிலோ அளவுக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 10 கிலோவுக்கு மேல். வலி நன்றாகக் குறைந்ததும் அவர்களுக்குத்தான். என் வீட்டில் உணவுக் கட்டுப்பாடு என்றால் வர்க்கி என்ற பேக்கரிப் பண்டம்தான். மாலை டீயோடு மூன்று வர்க்கி, முப்பது வருடப் பழக்கம். மைதா, சர்க்கரை, கொழுப்பு அடுக்கடுக்காக. அரைமணி நேரம் ஏறிவந்த பசியில் அந்த டப்பாவைத் திறந்தால் ஏறிய ஏற்றம் வீண். விடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். மற்ற நாளில் வேகவைத்த பயறு. இரவில் சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்கினேன். காய்க்கு இந்த மலையில் பஞ்சமில்லை.

தசைக்கும் தினம் பத்து நிமிடம் கொடுக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து, மிக மெதுவாகத் திரும்ப உட்காருவது, பத்துப் பத்தாக இரண்டு தடவை. மெதுவாக உட்காருவதில்தான் பிரேக் வலுக்கிறது. நாலாவது மாதம் அந்தப் பலகைமேல் மறுபடி நின்றபோது முழங்கால் நேராக மடங்கியது. குதிகால் தரையைத் தொட்ட சத்தமே கேட்கவில்லை.

14 மாதத்தில் 81 கிலோ 72.5 ஆனது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் பெரிய எண்ணில்லை. கல்யாண வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது என்று முட்டி தேய்ந்தவர்களை வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டரைக்கு நாலால் பெருக்கினால் 34. இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது ஒரு நிறை கொழுந்தைவிட அதிகமாயிற்றே, பிள்ளை” என்றார். தன் முட்டியைத் தடவிக்கொண்டார். அவருக்கு அந்தச் சுமையை இறக்கிவைக்க அன்றைக்கு ஒருவரும் வழி சொல்லவில்லை. வலிக்குத் தைலமும், தைலம் போதாத நாளில் அரைச் சம்பள விடுப்பும்தான்.

76 வயதில் அவரை மலை ஏறச் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் சின்ன மிதிக்கருவி ஒன்றைப் பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்தார். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் மிதிக்கிறார். சென்ற மாதம் ஏழு நிமிடமாக்கினார். எழுந்து நடக்கும்போது முதல் பத்தடியில் இருந்த விறைப்பு இப்போது குறைந்திருக்கிறது என்கிறார்.

இந்த வாரம் முழுக்க மழை. கண்ணாடி போட்ட திண்ணையில் நான் சைக்கிளிலும் அம்மா நாற்காலியிலுமாக எதிரெதிரே மிதித்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை விட்டுவிடும் என்கிறார்கள். விட்டால் மாலையில் பஸ் நிலையத்திலிருந்து நடக்கலாம். குடையின் கைப்பிடி ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் மார்க்கெட்டில் கொடுத்து இறுக்கி வாங்க வேண்டும்.